ஒரே நிரையில் இரண்டு மண்டோர்: கெர்னல் சானிடைசர்கள் மோதும்போது வரும் எச்சரிக்கைகளைத் தீர்ப்பது

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஞாயிறு மாலைகளில் ஆறு பேருக்கு லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) சொல்லிக்கொடுக்கிறேன். எல்லாரும் பக்கத்துத் தோட்டங்களிலும் தாமான்களிலும் (வீட்டுக் குடியிருப்புகளிலும்) வளர்ந்த பிள்ளைகள். ஒருவர் போலிடெக்னிக் முடித்தவர், இருவர் படித்துக்கொண்டிருக்கிறார்கள், மற்றவர்கள் வேலை முடிந்து வருகிறார்கள். போன மாதம் அவர்களில் ஒரு தங்கச்சி மடிக்கணினியை என் பக்கம் திருப்பினாள். திரை முழுக்க எச்சரிக்கைகள்.

"அண்ணே, நான் எழுதினது பதினோரு வரிதான். இவ்ளோ வார்னிங் எங்கேருந்து வருது? எதை முதல்ல பாக்குறது?"

அவள் எழுதிய பதினோரு வரியில் ஒரு குறையும் இல்லை. கெர்னலைக் கட்டும்போது கையில் கிடைத்த சோதனைக் கருவிகளையெல்லாம், அதாவது சானிடைசர்களை, ஒன்றாகப் போட்டுவிட்டாள். அவை ஒன்றோடொன்று முட்டிக்கொண்டதிலும், வேறொரு கோப்பில் அவள் செய்த ஒரு மாற்றத்திலும்தான் பெரும்பாலான சத்தம். அன்று இரண்டு மணி நேரம் அவளோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாக அவிழ்த்தோம். அந்த வரிசையிலேயே இதை எழுதுகிறேன். கட்டளைகளையும் விருப்பங்களின் பெயர்களையும் வகுப்பில் வாயால் சொல்வது போலவே ஒலிப்பில் எழுதியிருக்கிறேன். முனையத்தில் அடிக்கும்போது அவற்றின் ஆங்கில எழுத்துகளை அடித்துக்கொள்ளுங்கள்.

சானிடைசர் செய்யும் வேலை

ரப்பர் இருந்த காலத்தில் பால்மரம் வெட்டுகிறவருக்கு ஒரு நிரை ஒதுக்குவார்கள். அவர் வெட்டிப் போன பிறகு மண்டோர் அதே நிரையில் நடந்து, வெட்டு ஆழமாகப் போய்விட்டதா, பட்டை வீணானதா என்று மரம் மரமாகப் பார்ப்பார். கெர்னல் சானிடைசரும் அப்படி ஒரு மண்டோர்தான். நம் நிரல் நினைவகத்தைத் தொடும் ஒவ்வோர் இடத்திலும் கம்பைலர் ஒரு சிறு சோதனையைச் செருகிவிடும். கெர்னல் ஓடும்போது அந்தச் சோதனை, தொட்ட இடம் சரியானதா என்று பார்க்கும்.

நான்கு பேரைத் தெரிந்துகொண்டால் போதும்.

காசான், நினைவக முகவரிப் பிழைகளைப் பிடிப்பது. எல்லை தாண்டிப் படிப்பது, விடுவித்த நினைவகத்தை மறுபடி தொடுவது போன்றவை இதன் கண்ணில் படும். ஆந்திரே ரியாபினின் எழுதிய இந்தக் கருவி 2015இல் 4.0 பதிப்பில் கெர்னலுக்குள் வந்தது. ஒவ்வொரு எட்டு பைட்டுக்கும் ஒரு பைட் நிழல் நினைவகம் வைத்துக் கணக்கு பார்க்கிறது. அதனால் நினைவகத்தில் எட்டில் ஒரு பங்கு தொடக்கத்திலேயே இதற்குப் போய்விடும், வேகமும் ஏறக்குறைய மூன்று மடங்கு குறையும்.

கேசிசான், ஒரே இடத்தை இரண்டு இழைகள் ஒரே நேரத்தில் முறையில்லாமல் தொடுவதைப் பிடிப்பது. மார்கோ எல்வர் முன்னின்று எழுதியது, 2020இல் 5.8 பதிப்பில் சேர்ந்தது. எல்லாத் தொடுகையையும் இது பார்ப்பதில்லை. இயல்பு அமைப்பில் சுமார் 4000 தொடுகைக்கு ஒன்றைத் தேர்ந்து, சில பத்து மைக்ரோவினாடி காத்திருந்து, வேறு யாராவது அங்கே வருகிறார்களா என்று பார்க்கும்.

கேம்சான், மதிப்பு வைக்காத நினைவகத்தைப் பயன்படுத்துவதைப் பிடிப்பது. அலெக்சாண்டர் பொடாபென்கோவின் பணியாக 2022இல் 6.1 பதிப்பில் வந்தது. இதற்கு கிளாங் கம்பைலர் வேண்டும்.

யூபிசான், சி மொழி விதி வகுக்காத செயல்களைப் பிடிப்பது. அளவு மீறிய இடப்பெயர்ச்சி, அட்டவணை எல்லை மீறல் போன்றவை. 2016இல் 4.5 பதிப்பில் வந்தது. நால்வரில் இதுவே மற்றவர்களோடு அதிகம் ஒத்துப்போவது. காசானோடும் போடலாம், கேசிசானோடும் போடலாம்.

முதல் மூவரின் கதை வேறு. மூவருமே நினைவகத்தைத் தொடும் ஒவ்வொரு வரியிலும் தங்கள் சோதனையைச் செருக வேண்டும். ஒரே மரத்துக்கு இரண்டு மண்டோர் ஆளுக்கொரு சாயம் பூசினால் எந்தக் கணக்கும் நிற்காது. அதனால்தான் கெர்னலின் கான்ஃபிக் கோப்புகளிலேயே விதி எழுதியிருக்கிறார்கள்: காசான் இருந்தால் கேசிசான் இல்லை, இந்த இரண்டில் எது இருந்தாலும் கேம்சான் இல்லை. இந்த ஒரு விதியை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் வரவே வராது.

கட்டுவதற்கு முன்

எங்கள் பிள்ளைகளில் பலரிடம் இருப்பது எட்டு ஜிபி நினைவகமுள்ள பழைய மடிக்கணினி. அதற்கேற்ற சில ஏற்பாடுகள்.

மூல நிரலை இறக்கும்போது முழு வரலாற்றையும் இறக்க வேண்டாம். கைப்பேசி இணையத்தில் அது தாங்காது. கிட் குளோன் கட்டளையோடு டெப்த் 1 என்று கொடுத்தால் கடைசி நிலை மட்டும் வரும். ஆனால் எந்த மாற்றத்தில் பிழை நுழைந்தது என்று பின்னால் தேட வேண்டியிருந்தால் வரலாறு வேண்டும். அப்போது வைஃபை நன்றாக உள்ள இடத்தில் ஓர் இரவு விட்டு இறக்கிக்கொள்ளுங்கள்.

கெர்னலைக் கட்டும் கட்டளை மேக். முதலில் மேக் டெஃப்கான்ஃபிக், அப்புறம் மேக் கேவிஎம் கெஸ்ட் டாட் கான்ஃபிக். இந்த இரண்டும் கேமு மெய்நிகர் கணினியில் ஓடக்கூடிய ஓர் அளவான கெர்னலுக்கு வழிசெய்யும். உங்கள் மடிக்கணினியின் விநியோகம் தரும் பெரிய கான்ஃபிக் கோப்பை நகலெடுத்துத் தொடங்காதீர்கள். ஆயிரக்கணக்கான டிரைவர்களைக் கட்டி முடிப்பதற்குள் மத்தியான மழை இடி மின்னலோடு வந்து மின்சாரம் போய்விடும். பிடிஎஃப் பிழைநீக்கத் தகவலையும் அணைத்து வையுங்கள். கடைசிக் கட்டத்தில் நினைவகத்தை அதிகம் தின்பது அதுதான்.

இதில் நான் விடாப்பிடியாகச் சொல்லும் ஒன்று உண்டு. ஒரு சானிடைசருக்கு ஒரு கட்டுக் கோப்புறை. மேக் கட்டளையில் பெரிய எழுத்து ஓ போட்டு, சமக்குறிக்குப் பின் கோப்புறையின் பாதையைக் கொடுத்தால், கட்டிய கோப்புகள் எல்லாம் அங்கே போகும், மூல நிரல் சுத்தமாக இருக்கும். நாங்கள் மூன்று கோப்புறை வைத்திருக்கிறோம்: காசானும் யூபிசானும் ஒன்றில், கேசிசான் ஒன்றில், எதுவுமே இல்லாதது ஒன்றில். மூன்றாவதுதான் அளவுகோல். ஓர் எச்சரிக்கை அங்கேயும் வந்தால் அது சானிடைசர் வேலையில்லை, உங்கள் நிரலின் வேலை.

பேசுவது யார் என்று பாருங்கள்

அந்தத் தங்கச்சியின் திரையில் வந்ததெல்லாம் கம்பைலரின் எச்சரிக்கை இல்லை. நான்கு வேறு வேறு குரல்கள் ஒரே பதிவில் கலந்து வந்தன. புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். எல்லாவற்றையும் ஒன்றென நினைத்து, ஒருவருக்குச் சொல்ல வேண்டிய பதிலை இன்னொருவருக்குச் சொல்லிவிடுகிறார்கள்.

முதலில் பதிவை ஒரு கோப்பில் சேமியுங்கள். பிழை வெளியீட்டையும் சாதாரண வெளியீட்டையும் சேர்த்து டீ கட்டளைக்கு அனுப்பினால் திரையிலும் வரும், கோப்பிலும் வரும். பல வேலைகளை ஒரே நேரத்தில் ஓடவிட்டால் வரிகள் கலந்துபோகும். ஆகவே எச்சரிக்கையைப் படிக்கும் சுற்றில் மட்டும் ஒற்றை வேலையாக ஓட்டுங்கள்.

இப்போது ஒவ்வொரு வரியின் முகத்தையும் பாருங்கள். கோப்பின் பெயர், வரி எண், நெடுவரிசை எண், வார்னிங் என்ற சொல், கடைசியில் சதுர அடைப்புக்குள் டபிள்யூவில் தொடங்கும் ஒரு பெயர்: இப்படி இருந்தால் பேசுவது கம்பைலர். அன்மெட் டைரெக்ட் டிபெண்டன்சீஸ் என்று தொடங்கினால் பேசுவது கேகான்ஃபிக், அதாவது விருப்பங்களை ஆளும் அமைப்பு. ஆப்ஜ்டூல் என்ற பெயர் வந்தால், கட்டி முடித்த கோப்பைப் பிரித்துப் பார்க்கும் கருவி பேசுகிறது. மாட்போஸ்ட் என்றோ செக்‌ஷன் மிஸ்மேட்ச் என்றோ வந்தால் கடைசி இணைப்புக் கட்டம் பேசுகிறது.

நால்வரையும் தனித்தனியாகப் பிரித்து எழுதிக்கொள்ளுங்கள். தாளில் எழுதினாலும் சரி. அன்று நாங்கள் அப்படி எழுதியபோது, திரையை நிறைத்த கூட்டம் ஒன்பது வேறுபட்ட எச்சரிக்கைகளாகச் சுருங்கியது. மீதமெல்லாம் ஒரே தலைப்புக் கோப்பிலிருந்து (பல சி கோப்புகள் சேர்த்துக்கொள்ளும் ஹெடர்) திரும்பத் திரும்ப வந்தவை.

விருப்பம் காணாமல் போனால்

அவள் விருப்பங்களெல்லாம் எழுதியிருக்கும் டாட் கான்ஃபிக் கோப்பைத் திறந்து, காசானுக்கும் கேசிசானுக்கும் கையாலேயே ஒய் போட்டிருந்தாள். அடுத்த முறை மேக் ஓடியபோது கேகான்ஃபிக் விதியைப் பார்த்து கேசிசானைச் சத்தமில்லாமல் தூக்கிவிட்டது. இரண்டும் ஓடுகிறது என்று அவள் மூன்று நாள் நம்பிக்கொண்டிருந்தாள். எச்சரிக்கை வருவதைவிட இது எனக்கு அதிகம் கவலை தரும் விஷயம். காவலுக்கு ஆள் இருக்கிறார் என்று நினைத்து நிம்மதியாக இருப்போம், அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.

கையால் திருத்தாதீர்கள். ஸ்கிரிப்ட்ஸ் கோப்புறையில் கான்ஃபிக் என்ற சிறு நிரல் இருக்கிறது. அதில் எனேபிள், டிசேபிள் என்று சொல்லி மாற்றுங்கள். பிறகு மேக் ஓல்ட்டெஃப்கான்ஃபிக் ஓட்டுங்கள். பிறகு டாட் கான்ஃபிக் கோப்பில் அந்தப் பெயரை கிரெப் போட்டுத் தேடி, உண்மையில் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாவது செயலை ஒருபோதும் விடாதீர்கள்.

துண்டுக் கோப்புகளை இணைக்க மெர்ஜ் கான்ஃபிக் என்ற ஸ்கிரிப்ட்டைப் பயன்படுத்தினால் அது நேர்மையாகச் சொல்லிவிடும்: நீ கேட்ட மதிப்பு இது, கடைசிக் கோப்பில் உள்ளது இது என்று. அந்த வரியை யாரும் படிப்பதில்லை. படியுங்கள்.

ஒரு விருப்பம் ஏன் தெரியவில்லை என்று அறிய, மேக் மெனுகான்ஃபிக் திறந்து சாய்கோட்டுக் குறியை அழுத்தி, கேசிசான் பெயரை அடியுங்கள். டிபெண்ட்ஸ் ஆன் என்ற வரியில் காசானுக்கு முன் ஒரு வியப்புக்குறி இருக்கும். "அது இல்லாமல் இருந்தால்தான்" என்று அதற்குப் பொருள். பக்கத்தில் காசானின் இப்போதைய மதிப்பு ஒய் என்று காட்டும். காரணம் அந்த ஒரு வரியிலேயே கிடைத்துவிடும். கேசிசானுக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு: கம்பைலர் ஜிசிசி 11 அல்லது கிளாங் 11, அதற்கு மேல். பழைய கம்பைலராக இருந்தாலும் விருப்பம் மறைந்திருக்கும்.

கம்பைலரே மறுத்தால்

கேகான்ஃபிக்கின் காவலை மீறி ஒரு வழி இருக்கிறது. கெர்னலுக்கு வெளியே தனியாக மாட்யூல் (கெர்னலில் பிறகு ஏற்றும் துண்டு நிரல்) எழுதுகிறவர்கள் தங்கள் மேக்ஃபைலில் எஃப்சானிடைஸ் கொடியைத் தாங்களே எழுதிவிடுவார்கள். கெர்னல் ஏற்கெனவே காசானுக்காக எஃப்சானிடைஸ் கெர்னல்-அட்ரஸ் என்று கொடுத்திருக்கும். மாட்யூல் எஃப்சானிடைஸ் த்ரெட் என்று சேர்க்கும். இரண்டும் சேராது என்று கம்பைலர் நின்றுவிடும்.

எந்தக் கோப்பு எந்தக் கொடிகளோடு கட்டப்பட்டது என்று ஊகிக்க வேண்டாம். கட்டுக் கோப்புறையில் ஒவ்வொரு ஆப்ஜெக்ட் கோப்புக்கும் பக்கத்தில் புள்ளியில் தொடங்கி சிஎம்டி என்று முடியும் மறைவான கோப்பு ஒன்று இருக்கும். கம்பைலரை அழைத்த முழுக் கட்டளையும் அதில் எழுதியிருக்கும். அதில் எஃப்சானிடைஸ் என்று தேடுங்கள். ஒரே கட்டளையில் இரண்டு வகை தென்பட்டால் மோதல் அங்கேதான். தீர்வு எளிது: மாட்யூலின் மேக்ஃபைலிலிருந்து அந்தக் கொடியை எடுத்துவிடுங்கள். கெர்னலின் கட்டு அமைப்பே தேவையான சானிடைசர் கொடிகளை வெளி மாட்யூலுக்கும் கொடுத்துவிடும்.

இன்லைன் சண்டை

இனி வருவது கொஞ்சம் நுட்பமானது. ஒரு தேநீர் போட்டுக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

சில செயற்கூறுகளை சானிடைசர் பார்க்கக் கூடாது. உதாரணமாக, அடுக்கு நினைவகத்தை (ஸ்டேக்) வேண்டுமென்றே எல்லை தாண்டிப் படிக்கும் ஒரு சிறு செயற்கூறு. அதற்குக் காசான் விலக்கு தரும் பண்பைச் சேர்க்கிறோம். அதே செயற்கூறு தலைப்புக் கோப்பில் இருக்கிறது, சிறியது, எப்போதும் இன்லைன் ஆக வேண்டும் என்றும் எழுதியிருக்கிறோம். கம்பைலருக்கு இப்போது இரண்டு கட்டளை. "இதை அழைக்கிற இடத்திலேயே கரைத்துவிடு" என்பது ஒன்று. "இதற்குள் சோதனை போடாதே" என்பது மற்றொன்று. அழைக்கிற செயற்கூறோ சோதனை போடப்பட்டது. உள்ளே கரைத்துவிட்டால் விலக்கு எங்கே போகும்? ஆகவே, பண்புகள் பொருந்தவில்லை, இன்லைன் செய்ய முடியாது என்று ஜிசிசி பிழை காட்டுகிறது.

புதியவர் உடனே என்ன செய்வார்? எப்போதும் இன்லைன் என்பதை எடுத்துவிடுவார். பிழை போய்விடும். ஆனால் தலைப்புக் கோப்பில் வெறும் ஸ்டாட்டிக் செயற்கூறாக அது மிஞ்சுகிறது. அந்தத் தலைப்பைச் சேர்த்துக்கொண்டு, அந்தச் செயற்கூறைப் பயன்படுத்தாத ஒவ்வொரு சி கோப்பிலும் "வரையறுத்தாய், பயன்படுத்தவில்லை" என்ற எச்சரிக்கை கிளம்பும். ஒரு பிழையைத் தீர்த்து நூறு எச்சரிக்கையை வாங்கிக்கொண்ட கதை. தங்கச்சியின் திரையில் நிறைந்திருந்தது பெரும்பாலும் இதுதான். அவள் ஓர் உதவித் தலைப்பில் இதே மாற்றத்தைச் செய்திருந்தாள்.

கெர்னல் எழுதியவர்கள் இதே குழியில் முன்பே விழுந்து எழுந்திருக்கிறார்கள். அதற்கென ஒரு மேக்ரோ இருக்கிறது: முன்னால் இரண்டு அடிக்கோடு, பிறகு நோ-காசான்-ஆர்-இன்லைன். காசான் இயங்கும் கட்டில் இது மூன்று பண்பாக விரியும்: காசான் விலக்கு, தடம் பிடிப்பதிலிருந்து விலக்கு, "பயன்படாமல் இருக்கலாம்" என்ற குறிப்பு. காசான் இல்லாத கட்டில் இதுவே எப்போதும் இன்லைன் என்றாகும். அந்த மூன்றாவது குறிப்புதான் நம் நூறு எச்சரிக்கையை அடக்குவது.

கேசிசான் வந்தபோது அதே சிக்கல் அதற்கும் வந்தது. அதனால் இரண்டுக்கும் பொதுவாக, அதே இரண்டு அடிக்கோட்டோடு, நோ-சானிடைஸ்-ஆர்-இன்லைன் என்ற மேக்ரோவை வைத்தார்கள். கட்டில் எந்தச் சானிடைசர் இருக்கிறதோ அதற்கேற்ப விரியும். எங்கள் மூன்று கோப்புறையிலும் ஒரே மூல நிரல் எச்சரிக்கை இல்லாமல் கட்டப்பட வேண்டும் என்றால் இதுதான் சரியான சொல். நேரடியாகக் கம்பைலரின் பண்பை எழுதாதீர்கள். ஒரு கம்பைலருக்குத் தெரிந்த பண்பு மற்றதற்குத் தெரியாமல் போகலாம். "பண்பைப் புறக்கணிக்கிறேன்" என்று இன்னோர் எச்சரிக்கை வந்து சேரும். கெர்னலின் மேக்ரோக்கள் அந்த வேறுபாட்டை ஏற்கெனவே பார்த்துக்கொள்கின்றன.

அடுக்கு பெருத்தால்

சட்டக அளவு, அதாவது ஒரு செயற்கூறு அடுக்கில் பிடிக்கும் இடம், 2048 பைட்டைத் தாண்டுகிறது என்ற எச்சரிக்கையும் அடிக்கடி வரும். 64 பிட் கட்டில் இயல்பான வரம்பு 2048. 32 பிட்டில் காசான் இருந்தால் 1280.

காசான் ஒவ்வோர் உள்மாறியையும் சுற்றி வயலுக்கு வரப்பு கட்டுவது போல காவல் இடைவெளி விடுகிறது. வரப்பு கூடினால் நிலம் கூடத்தானே வேண்டும்? யூபிசானும் தன் பங்குக்கு இடைமதிப்புகளைச் சேர்க்கும். தனித்தனியாக வரம்புக்குள் இருந்த செயற்கூறு, இரண்டும் சேர்ந்ததும் தாண்டிவிடும். கிளாங்கில் இது மிக அதிகமாகப் பெருப்பதால், அங்கே அடுக்குச் சோதனை இயல்பாகவே அணைத்துத்தான் இருக்கும். அதை இயக்கினால் பாதுகாப்பற்றது என்ற குறிப்போடுதான் மெனுவில் வரும்.

வரம்பைக் கூட்டிவிட்டு நகர்ந்துவிடத் தோன்றும். வேண்டாம். எக்ஸ்86இன் 64 பிட் கெர்னலில் ஓர் இழைக்கான அடுக்கு 16 கேபிதான். காசான் கட்டில் மட்டும் 32 கேபி தருகிறார்கள். செயற்கூறைத் திறந்து உள்ளே பெரிய அட்டவணையோ கட்டமைப்போ உள்மாறியாக இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்கும். அதைக் கேஇசட்அலாக் மூலம் குவியலில் (ஹீப்) ஒதுக்குங்கள், வெளியேறும் எல்லாப் பாதையிலும் விடுவியுங்கள். கம்பைலர் பல சிறு செயற்கூறுகளை ஒன்றுக்குள் கரைத்ததால் பெருத்திருந்தால், அவற்றில் கனமானதற்கு நோஇன்லைன்-ஃபார்-ஸ்டேக் என்ற குறியைப் போடுங்கள்.

மதிப்பு வைக்காமல் இருக்கலாம் என்ற எச்சரிக்கை

மேபி-அன்இனிஷியலைஸ்ட் என்று வரும். சானிடைசர்கள் செருகிய சோதனைகளால் கம்பைலருக்கு நிரலின் ஓட்டம் மங்கலாகத் தெரிகிறது. அதனால் இல்லாத குற்றத்தைச் சொல்கிறது. சானிடைசரோடு சேரும்போது இந்த வகைப் பொய் எச்சரிக்கை கூடும், எச்சரிக்கையைப் பிழையாக்கும் கொடியைச் சானிடைசரோடு சேர்க்க வேண்டாம் என்று ஜிசிசியின் கையேடே சொல்கிறது. கெர்னலில் 2020இல், 5.7 பதிப்பின்போது, இதை இயல்பாக அணைத்துவிட்டார்கள். மேக் கட்டளையில் டபிள்யூ=2 என்று கேட்டால்தான் வரும். ஆகவே இது உங்கள் திரையில் வந்தால் முதலில் டபிள்யூ=2 போட்டீர்களா என்று பாருங்கள். சானிடைசர் இல்லாத கோப்புறையிலும் அதே வரியில் வருகிறதா என்று பாருங்கள். அங்கேயும் வந்தால் மதிப்பு வைத்துவிடுங்கள். வராவிட்டால் செயற்கூறின் ஓட்டத்தை ஒருமுறை கண்ணால் நடந்து பார்த்துவிட்டு விடுங்கள். சும்மா பூஜ்யம் வைத்து வாயடைக்காதீர்கள். பின்னால் கேம்சான் பிடித்திருக்க வேண்டிய உண்மைப் பிழையை அந்தப் பூஜ்யம் மறைத்துவிடும்.

எச்சரிக்கையைப் பிழையாக்கும் கெர்னல் விருப்பம் 2021இல் 5.15 பதிப்பில் வந்தது. கற்கும் காலத்தில் சானிடைசர் கோப்புறைகளில் அதை அணைத்தும், அளவுகோல் கோப்புறையில் இயக்கியும் வையுங்கள்.

ஆப்ஜ்டூலும் மாட்போஸ்ட்டும்

ஆப்ஜ்டூலின் புகார் இரண்டு வகையில் வரும். நோஇன்ஸ்டர் பகுதியை விட்டு வெளியே போகிறது என்பது ஒன்று. நுழைவுப் பாதை போன்ற மென்மையான இடங்களில் எந்தச் சோதனையும் செருகக் கூடாது. அங்கே உள்ள செயற்கூறுக்கு நோஇன்ஸ்டர் குறி போட்டால் காசான், கேசிசான், கேம்சான் எல்லாவற்றிலிருந்தும் ஒன்றாக விலக்கு கிடைக்கும். ஆனால் அது அழைக்கும் செயற்கூறுகளும் அதே குறியோடு இருக்க வேண்டும், அல்லது உள்ளேயே கரைய வேண்டும். பயனர் நினைவகம் திறந்திருக்கும் நேரத்தில் வேறு செயற்கூறை அழைக்கிறாய் என்பது மற்றொரு வகை. சானிடைசர்களின் செருகல் பெயர்களுக்கு ஆப்ஜ்டூல் ஓர் அனுமதிப் பட்டியல் வைத்திருக்கிறது. புதிய கம்பைலர் புதிய பெயரோடு வந்தால் பழைய கெர்னலின் பட்டியலில் அது இருக்காது. உங்கள் நிரலில் தேடாதீர்கள். கெர்னலைப் புதுப்பியுங்கள், அல்லது அந்தக் கெர்னல் காலத்துக் கம்பைலரைப் பயன்படுத்துங்கள்.

யூபிசானில் அடைய முடியாத இடங்களைச் சோதிக்கும் உட்பிரிவும் ஆப்ஜ்டூலும் அறவே ஒத்துப்போவதில்லை. அது மெனுவில் தெரியாமல் இருந்தால் அதுதான் காரணம், விட்டுவிடுங்கள்.

செக்‌ஷன் மிஸ்மேட்ச் பெரும்பாலும் சானிடைசரால் இன்லைன் முடிவு மாறியதால் வருவது. தொடக்கக் காலத்தில் மட்டும் வாழும் செயற்கூறை, எப்போதும் வாழும் ஒரு செயற்கூறு தனியே நின்று அழைக்கிறது. அழைப்பதற்கும் தொடக்கக் குறி போட முடியுமா என்று பாருங்கள். முடிந்தால் அதுவே முறை.

விலக்கு கொடுப்பது கடைசி வழி

இவ்வளவும் பார்த்த பிறகும் சில இடங்களில் சானிடைசரை விலக்கத்தான் வேண்டும். அப்போது சிறிய வாசலில் தொடங்குங்கள். ஒரு செயற்கூறுக்கு மட்டும் பண்பு போடுவது முதல் வாசல். அது போதாவிட்டால் ஒரு கோப்புக்கு: மேக்ஃபைலில் காசான்-சானிடைஸ், அடிக்கோடு, கோப்பின் ஆப்ஜெக்ட் பெயர், என் என்ற மதிப்பு. அதே வடிவத்தில் கேசிசானுக்கும் யூபிசானுக்கும் தனித்தனிப் பெயர்கள் உண்டு. கோப்பின் பெயர் இல்லாமல் எழுதினால் அந்த மேக்ஃபைல் ஆளும் கோப்புறைக்கே விலக்கு.

அந்தக் கடைசி வகையை நான் ஒருமுறை செய்தேன். வேலையிடத்தில் ஒரு டிரைவர் கோப்புறையில் இரண்டு கோப்பு எச்சரிக்கை தந்தன. நேரம் இல்லை என்று கோப்புறை முழுவதற்கும் காசானை அணைத்தேன். பதிவு சுத்தமானது. அதே கோப்புறையில் வேறொரு கோப்பில் விடுவித்த நினைவகத்தைத் தொடும் பிழை இருந்தது. ஏழு வாரம் கழித்து அது ஓடிக்கொண்டிருந்த கணினியை நிறுத்தியபோதுதான் தெரிந்தது. காசானை மறுபடி இயக்கியதும் முதல் ஓட்டத்திலேயே வரி எண்ணோடு காட்டியது. ஒரு மண்டோரை அனுப்பிவிட்டால் அந்த நிரையை யாரும் பார்க்கப் போவதில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு விலக்குக்கும் பக்கத்தில் ஏன், எந்த எச்சரிக்கைக்காக, எந்தக் கம்பைலரில் என்று ஒரு குறிப்பு எழுதுகிறேன். பிள்ளைகளையும் எழுதச் சொல்கிறேன்.

கேசிசானுக்கான டேட்டா-ரேஸ் குறியையும் கம்பைலர் எச்சரிக்கைக்கு மருந்தாகப் பூசாதீர்கள். அது ஓடும்போது வரும் அறிக்கைக்கான சொல். இந்தப் போட்டி தெரிந்தே விட்டது என்று மற்ற நிரலருக்குச் சொல்லும் உறுதிமொழி அது.

சரிபார்ப்பது

முழுக் கெர்னலையும் ஒவ்வொரு முறையும் கட்ட வேண்டாம். மேக் கட்டளைக்கு ஆப்ஜெக்ட் கோப்பின் பாதையை மட்டும் கொடுத்தால் அந்த ஒரு கோப்பு கட்டப்படும். சில வினாடி வேலை. மூன்று கோப்புறையிலும் அந்தக் கோப்பைக் கட்டிப் பாருங்கள். மூன்றிலும் அமைதி என்றால் முழுக் கட்டுக்குப் போங்கள். முடிந்தால் ஜிசிசியிலும் கிளாங்கிலும் பாருங்கள், இரண்டின் கண்ணும் வேறு.

பிறகு கேமுவில் ஏற்றுங்கள். சானிடைசர் உயிரோடு இருக்கிறதா என்று உறுதிசெய்ய, காசானுக்கென கேயூனிட் சோதனைத் தொகுப்பு ஒன்று கெர்னலிலேயே இருக்கிறது. வேண்டுமென்றே பிழைகள் செய்து, காசான் கத்துகிறதா என்று பார்க்கும். கேசிசான் ஏறும்போதே தன்னைச் சோதித்துக்கொள்ளும் விருப்பம் உண்டு. எச்சரிக்கை தீர்ந்த மகிழ்ச்சியில் இந்தப் படியை விட்டால், காவலாளியையே அனுப்பிவிட்டோமா என்று தெரியாது.

திருத்தத்தை மேல் கெர்னலுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால், மாற்றக் குறிப்பில் எச்சரிக்கையை எழுத்து மாறாமல் ஒட்டுங்கள். கம்பைலரின் பெயர், பதிப்பு, எந்த சானிடைசர்கள் இயங்கின என்பதையும் எழுதுங்கள். யாருக்கு அனுப்புவது என்பதை கெட்-மெயின்டெய்னர் ஸ்கிரிப்ட் சொல்லும்.

அந்தத் தங்கச்சி போன ஞாயிறு தன் ஒன்பது எச்சரிக்கைகளில் எட்டைத் தீர்த்துவிட்டு வந்தாள். ஒன்பதாவது, உண்மையிலேயே அவள் நகலெடுத்த ஒரு பழைய செயற்கூறில் இருந்த எல்லை மீறல். அளவுகோல் கோப்புறையிலும் அது வந்தது. இந்த வாரம் அதற்குத் திருத்தம் எழுதிக்கொண்டிருக்கிறோம்.